சங்கத்தில் சேரலாமா, அக்கா?

(சிறுதொழில் செய்யும் வாசகர்களின் கேள்விகளுக்கு, பரந்தனில் மா ஆலையும் தூள் வகை உற்பத்தியும் நடத்திவரும் வாசகி ஒருவர் இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, நான் ஒட்டுசுட்டானில் செக்கு வைத்து நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஆட்டி விற்கிறேன். என்னோடு மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துவிட்டேன். இப்போது எங்கள் பகுதி வர்த்தகர் சங்கத்தில் சேரச் சொல்லிக் கேட்கிறார்கள். நுழைவுக் கட்டணம் 5,000 ரூபாய், மாதச் சந்தா 500. "அந்தக் காசுக்கு வெறும் போத்தில் வாங்கிப் போட்டாலும் உதவும்" என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரியா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, உங்கள் கணவரின் கணக்கில் பிழை இல்லை. முதல் வருடம் உங்கள் கையை விட்டு 11,000 ரூபாய் போகும். அந்த வருடத்துக்குள்ளேயே 11,000 ரூபாய் பெறுமதியான ஏதாவது திரும்பி வரும் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் சங்கத்துக்குப் போகாமல் இருந்த மூன்று வருடத்தில் நான் இழந்த காசு எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்கிறேன், பிறகு நீங்களும் அவரும் இருந்து பேசுங்கள்.

2010 இல் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து பரந்தனுக்குத் திரும்பி வந்தபோது எங்கள் வளவில் கிணறு மட்டும்தான் மிஞ்சியிருந்தது. 2012 இல் தகரக் கொட்டகைக்குள் ஒரே ஒரு மில்லைப் போட்டு, ஊர்ச்சனம் கொண்டுவரும் அரிசியையும் மிளகாயையும் கூலிக்கு அரைத்துக் கொடுத்தேன். பிறகு எனது சொந்த மிளகாய்த்தூளைப் பக்கற்றில் போடத் தொடங்கினேன். சங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். அது ரவுண் கடை முதலாளிமாரின் விசயம், ஒரு மில்லோடு இருக்கிற எனக்கு அங்கே என்ன வேலை என்று இருந்துவிட்டேன்.

2015 இல் கொழும்பில் 10,000 லேபல் அச்சடித்தேன். சிவப்பும் மஞ்சளுமாக, வடிவான லேபல். பக்கற்றுகளைக் கொண்டுபோய் ஒரு பெரிய கடையில் கொடுத்தேன். பக்கற்றைத் திருப்பிப் பார்த்த பெடியன் தொகுதி இலக்கம் எங்கே, காலாவதித் திகதி எங்கே என்று கேட்டான். நிறையும் முகவரியும் மட்டும்தான் போட்டிருந்தேன். 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் என்று ஒன்று இருப்பதும், அதன் கீழ் லேபலுக்கென்றே ஒழுங்குவிதிகள் இருப்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. பெட்டிகளை அப்படியே பஸ்ஸில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தேன்.

மில்லுக்குப் பெல்ட் விற்கிறவர் என் புலம்பலைக் கேட்டுக்கேட்டு அலுத்துப்போய், "ஒருக்கா சங்கக் கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கோவன்" என்றார். போனேன். ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருபது கதிரை. பெண் என்று நான் ஒருத்திதான். கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். என் முறை வந்ததும் ஒரு பக்கற்றை எடுத்து நீட்டினேன். பேக்கரிக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லேபலைப் பார்க்கவே இல்லை. பெருவிரல் நகத்தால், சீலர் மெசினில் சூடாக்கி ஒட்டிய மேல் விளிம்பை மெல்லக் கீறிக்கொண்டு போனார். இரண்டு இடத்தில் பிளாஸ்ரிக் விட்டுக் கொடுத்தது.

"தங்கச்சி, லேபல் பிரச்சினை சின்னன். உங்கட சீலருக்குச் சூடு காணாது. மாரிக்கு இந்தத் தூள் கட்டி பிடிக்கும்."

லேபலுக்கு வழியையும் அவரே சொன்னார். திகதியும் இலக்கமும் அடிக்கும் கைமெசின் ஒன்று புறக்கோட்டையில் விற்கிறது, அதால் சின்ன ஸ்ரிக்கரில் அடித்து ஒட்டினால் 10,000 லேபலும் தப்பும் என்றார். தப்பியது. சீலரின் சூட்டையும் கூட்டினேன். அந்த மாரியில் ஒரு பக்கற்றும் திரும்பி வரவில்லை.

தங்கச்சி, அலுவலகத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்வார்கள். அது அவர்கள் வேலை, நல்லபடியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் மெசினில் எந்தத் திருகை எவ்வளவு திருப்புவது என்று, அதே பிழையை முன்பு விட்டவர்தான் சொல்லமுடியும். அப்படிப்பட்டவர்கள் எல்லாரும் மாதத்தில் ஒருநாள் ஒரே அறையில் இருக்கிறார்கள். நான் மூன்று வருடம் அந்த அறைக்குப் போகவில்லை.

இனிப் போத்தில் விசயம். உங்கள் கணவர் தெரியாமலே சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். நான் செத்தல் மிளகாயை முன்பு இரண்டு மூடை, மூன்று மூடையாகக் கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவிலிருந்து எடுப்பேன். மூடைக்கு இவ்வளவு என்று லொறிக்கூலி தனி. மொத்த வியாபாரி எனக்கு விலை குறைக்கவேண்டிய தேவையே இல்லை, நான் அவருக்கு யார்? சங்கத்தில் சேர்ந்த அடுத்த வருடம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். சாப்பாட்டுக்கடை இரண்டு, பலசரக்குக்கடை ஒன்று, மிக்சர் போடுகிற தம்பி ஒருவர், நான். ஒருவர் நேரே போய் மிளகாயைக் கையில் நெரித்துப் பார்த்து எடுப்பார். நெரிக்கும்போது சரசரவென்று உடையவேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம், அதை அரைத்தால் நிறையிலும் நட்டம் நிறத்திலும் நட்டம். ஒரு லொறியில் ஐந்து பேரின் சரக்கும் ஏ9 வீதி வழியாக வரும். கூலியைப் பங்கு பிரிப்போம்.

உங்களுக்குப் போத்தில் அப்படித்தான். உங்கள் பகுதியில் தேன் அடைக்கிறவர், நெல்லிரசம் போடுகிறவர், பழச்சாறு செய்கிறவர் எல்லாரும் ஏறக்குறைய அதே போத்திலைத்தான் தேடித் திரிவார்கள். தனித்தனியாக நூறு, இருநூறு வாங்குகிறவரைக்கும் சில்லறை விலைதான். முதல் கூட்டத்திலேயே "போத்தில் யார் யாருக்குத் தேவை?" என்று எழும்பிக் கேளுங்கள். நாலு கை உயர்ந்தால் உங்கள் நுழைவுக் கட்டணம் எங்கிருந்து திரும்பி வரும் என்று கணவருக்குக் காட்டலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைக் காசாக எண்ண எனக்கு மனம் வராது. 2018 டிசெம்பர் 21 இரவு பெய்த மழையை வன்னியில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். விடிய நாலு மணிக்கு என் ஆலைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். போனில் நான் எழுப்பியது ஒரே ஒருவரைத்தான். விடிவதற்குள் சங்கத்து ஆட்கள் ஆறு பேர், இரண்டு உழவு இயந்திரம். மோட்டரைக் கழற்றத் தெரிந்த ஹாட்வெயார் கடைக்காரர் இடுப்பளவு குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவித்தடவி நட்டுகளைக் கழற்றினார். மோட்டர் தப்பியது. நாற்பது மூடைச் சரக்கை ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் ஏற்றி வைத்தார், எட்டு நாள். அவர் என் சொந்தக்காரர் இல்லை. நாங்கள் பழகியதெல்லாம் அந்த மாதக் கூட்டத்தில்தான்.

2022 வந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ஜெனரேற்றர் இருந்தது, டீசல் இல்லை. உணவுப்பொருள் செய்கிறவர்கள் யார், ஆளுக்கு எவ்வளவு டீசல் தேவை என்று எங்கள் சங்கம் ஒரு பட்டியல் எழுதி மாவட்டச் செயலகத்துக்குக் கொண்டுபோனது. பட்டியல் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் சனத்துக்கு வேறொன்று நினைவு வரும்: நிவாரணப் பட்டியல், கூடாரப் பட்டியல். அவற்றில் எத்தனையோ தடவை என் பெயர் இருந்திருக்கிறது. ஒரு பொருளை உற்பத்தி செய்கிறவள் என்று என் பெயர் ஒரு பட்டியலில் ஏறியது அதுதான் முதல் தடவை. கேட்ட அளவு டீசல் கிடைக்கவில்லை. கிடைத்ததை வைத்து இரண்டு நாளைக்கு ஒரு தடவை மில்லை ஓட்டி, வேலைசெய்த பிள்ளைகளை நிற்பாட்டாமல் வைத்திருந்தேன்.

சேரும்முன் ஒன்று செய்யுங்கள். விருந்தினராக ஒரு கூட்டத்துக்கு வர அனுமதி கேட்டுப் போய் இருந்து பாருங்கள். என்ன பேசுகிறார்கள்? விழா, மாலை, பிரதம விருந்தினர் என்று இரண்டு மணி நேரம் போனால் அவசரப்படவேண்டாம். விலை, சரக்கு, றோட்டு, கரண்ட் என்று பேச்சு ஓடினால் சேருங்கள். நுழைவுக் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாமா என்றும் கேளுங்கள், கூச்சப்படவேண்டாம். சேர்ந்த பிறகு கூட்டத்துக்குப் போங்கள். போகாவிட்டால் உங்கள் கணவர் சொன்னபடி போத்தில் வாங்குவதே நல்லது.

கேள்வி: வவுனியாவில் மூன்று பேரை வைத்து மென்பொருள், இணையத்தள வேலை செய்யும் பிரைவேற் லிமிட்டெட் கம்பனி நடத்துகிறேன். என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில். உள்ளூர் வர்த்தக சங்கத்தில் பெரும்பாலும் வயதுபோன கடைக்காரர்கள். எனக்கு அங்கே என்ன இருக்கிறது?
– வாசகர், வவுனியா

பதில்: தம்பி, ஒட்டுசுட்டான் தங்கச்சிக்குக் கிடைக்கும் அளவு உங்களுக்குக் கிடைக்காது. உங்கள் மூலப்பொருள் லொறியில் வருவதில்லை. வெள்ளம் வந்தால் மடிகணினியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவீர்கள். அதனால் உங்களுக்கு நான் அடித்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த வயதுபோனவர்களைக் குறைத்து நினைக்கவேண்டாம். உங்களிடம் மூன்று பேர் வேலை செய்கிறார்கள் என்றால் அவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டவேண்டும்: சம்பளத்தில் அவர்கள் பங்கு 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்கள் பக்கத்திலிருந்து இன்னும் 3 வீதம். ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் கட்டத்தான் வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணமும் வரும். "சின்னக் கம்பனிதானே" என்று விட்டுவிட்டு, பிறகு சேர்த்துக் கட்டமுடியாமல் தவித்த பெடியள் சிலரை எனக்குத் தெரியும். முப்பது வருடம் சம்பளம் கொடுத்த ஒரு கடைக்காரர் பக்கத்துக் கதிரையில் இருந்தால், தேநீர் குடித்து முடிவதற்குள் உங்களுக்கு இதைச் சொல்லியிருப்பார்.

மற்றது, அரச திணைக்களங்கள் ஒவ்வொரு வருடமும் வழங்குநர்களைப் பதிவுசெய்ய விண்ணப்பம் கோருகின்றன. கணினி திருத்தம், மென்பொருள், அச்சுவேலை எல்லாம் அதில் வரும். திகதி தவறினால் பெரும்பாலும் அடுத்த வருடம் வரைக்கும் காத்திருப்பதுதான். ஒழுங்கான சங்கத்தில் செயலாளர் அந்த அறிவித்தல்களை உறுப்பினர்களுக்கு உடனுக்குடன் அனுப்பிவிடுவார்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு வருடத்துக்கு மட்டும் சேர்ந்து பார்ப்பேன். எங்கள் ஆட்களில் பலர் இன்னும் கடன்கொப்பியில்தான் கணக்கு எழுதுகிறார்கள். உங்கள் அடுத்த பத்து வாடிக்கையாளர்கள் அந்த மண்டபத்தில்தான் இருக்கக்கூடும். அவர்களுக்கு உங்கள் விளம்பரம் தேவையில்லை, உங்களைத் தெரிந்தால் போதும்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் இரண்டு வருடமாகப் பொதுக்கூட்டம் இல்லை. கணக்கும் காட்டவில்லை. ஆனால் சந்தா வாங்க மாதம் தவறாமல் ஆள் வருகிறது. நிற்பாட்டலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: உடனே நிற்பாட்டவேண்டாம். நிற்பாட்டினால் நீங்கள் உறுப்பினர் இல்லை, கேள்வி கேட்கும் உரிமையும் போய்விடும். முதலில் யாப்பின் பிரதி ஒன்றைக் கேளுங்கள். வருடப் பொதுக்கூட்டம் எப்போது, அதை உறுப்பினர்கள் கோருவதென்றால் எத்தனை பேர் கையெழுத்து வைக்கவேண்டும், வங்கிக் கணக்கில் யார் யார் ஒப்பமிடுவது என்று மூன்றையும் அதில் பாருங்கள். பிறகு யாப்பு சொல்லும் எண்ணிக்கைக்குக் கையெழுத்துச் சேர்த்து, பொதுக்கூட்டம் கேட்டு எழுத்தில் கொடுங்கள். பிரதியில் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். கட்டிய சந்தாவுக்கெல்லாம் பற்றுச்சீட்டு இருக்கிறதா? இல்லாவிட்டால் இந்த மாதத்திலிருந்து பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.

எங்களிடமும் இது நடந்தது. கணக்கை வைத்திருந்தவர் கள்ளன் இல்லை, எழுதாமல் விட்டவர். கொப்பியில் பாதி, தலையில் பாதி. நாங்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு முற்றத்தில் இருந்து சீட்டுகளைத் தரையில் பரப்பி, மாதம் மாதமாக அடுக்கினோம். பின்னேரம் ஐந்து மணிக்கு 2,300 ரூபாய் இடித்தது. அதைத் தன் கையால் போட்டார், அடுத்த கூட்டத்தில் தானே விலகினார். இன்றைக்கும் கூட்டத்துக்கு வருகிறார். உங்கள் ஆட்களும் அப்படித்தான் என்று நான் சொல்லவரவில்லை. கணக்கைக் கேட்பது சண்டைக்குப் போவது என்று நினைத்துக் கேட்காமலே இருந்துவிடுகிறோமே, அதுதான் என் கவலை. கேட்டு ஆறு மாதத்துக்கும் பதில் இல்லையென்றால் கூட்டமாக விலகுங்கள், தனியாக வேண்டாம்.

கேள்வி: சங்க உறுப்பினர் அட்டையைக் காட்டினால் வங்கியில் கடன் கிடைக்குமா?
– வாசகர், மல்லாவி

பதில்: கிடைக்காது. வங்கி பார்ப்பது உங்கள் கணக்கில் காசு ஓடும் விதம், கிரிப் அறிக்கை (நீங்கள் முன்பு எடுத்த கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டுவது), பிணை. சங்கத்தின் கடிதம் ஒன்று சேர்ந்தால் முகாமையாளர் ஒருவேளை கொஞ்சம் கூடுதலாகக் கேட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான். அட்டையைக் காட்டிக் கடன் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்கவேண்டாம்.

கடன் விசயத்தில் சங்கங்களின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விட வங்கிக்கு இடம் கொடுக்கும் 'பராட்டே' அதிகாரம் 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ ஆலைகளும் கடைகளும் அந்த ஏலத்துக்கு முன்னால் நின்றன. நாடு முழுவதும் சிறு, நடுத்தர தொழில் செய்கிறவர்களின் அமைப்புகள் விடாமல் குரல் கொடுத்தன. 2024 இல் பாராளுமன்றம் அதைத் தற்காலிகமாக நிறுத்திச் சட்டம் போட்டது. முதலில் டிசெம்பர் 15 வரை, பிறகு 2025 மார்ச் 31 வரை நீடித்தார்கள். கடன் கரையவில்லை, மூச்சு விட நேரம் கிடைத்தது. தனி ஆளாக வங்கிக்கு ஆயிரம் கடிதம் எழுதியிருந்தாலும் அது நடந்திராது.

மின்கட்டணமும் அப்படித்தான். 2022 ஓகஸ்ட்டில் சராசரி 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். என் மில்லின் பில்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டண மாற்றங்களுக்குப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. எழுத்தில் அனுப்பலாம், நேரிலும் சொல்லலாம். வன்னியிலிருந்து ஐம்பது ஆலைக்காரரின் பில் பிரதிகளோடு ஒரு சங்கம் எழுதினால் அதைப் படிப்பார்கள். உங்கள் சங்கம் அப்படி எழுதியிருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் சங்கக் கூட்டம் இரவு ஏழு மணிக்கு. கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், பிள்ளைகளும் சிறியவர்கள். என்னால் போகமுடிவதில்லை.
– வாசகி, முழங்காவில்

பதில்: நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். கடை பூட்டிவிட்டு வரட்டும் என்று ஆண்கள் தங்களுக்கு வசதியாக வைத்த நேரம் அது. எங்களுடையதும் முன்பு ஏழு மணிதான். நானும் இன்னும் இரண்டு பெண்களும் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் கொடுத்தோம். கொஞ்சம் முணுமுணுத்தார்கள். இப்போது போயா நாளில் காலை பத்து மணிக்குக் கூடுகிறோம், அன்றைக்குப் பலருக்கு வேலை குறைவு. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம், பேக்கரிக்காரர் அவர்களுக்கு பணிஸ் கொடுப்பார். போன கூட்டத்தில் பதினொரு பெண்கள் இருந்தோம். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், நாங்கள் கொடுத்த கடிதத்தின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது.